பேச்சி வரவில்லை

வீரையா நாலு ஆட்களோடு வாசலுக்கு வந்தபோது வேலுத்தாய் கம்பு குத்திக்கொண்டிருந்தாள். உலக்கையை நிறுத்தவில்லை. புருஷனின் அண்ணன் வந்து நின்றால் கையில் இருப்பதை அப்படியே போட்டுவிட்டு, முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு, கதவுக்குப் பின்னால் போய் நிற்பதுதான் அந்த வீட்டு மருமகள்களின் வழக்கம். இத்தனை வருஷமும் அவளும் அப்படித்தான் நின்றாள். இன்றைக்கு என்னவோ கை நிற்கவில்லை. தவிடு பறந்து இமையிலும் மூக்கு நுனியிலும் ஒட்டியிருந்தது. உலக்கை மேலே போகும்போது ஒரு மூச்சு, கீழே வரும்போது ஒரு மூச்சு. பேச வேண்டியவர்கள் இரண்டுக்கும் நடுவில்தான் பேச வேண்டியிருந்தது.

“இந்தா தாயி, செத்த நிறுத்து” என்றார் வீரையா.

“ஈரம் காயுறதுக்குள்ள குத்தணும். சொல்லுங்க பெரிய மச்சான், காது கேக்குது.”

கூட வந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வீரையா கோபத்தை விழுங்கினார். வந்த காரியம் அப்படி. மறுநாள் காலையில் ஆற்றங்கரை மடத்தில் அவர் தம்பி கன்னையனுக்குக் காவி கொடுக்கப் போகிறார்கள். கட்டின பெண்டாட்டி சபையில் வந்து நின்று, சம்மதம் என்று மூன்று தடவை சொன்னால்தான் காவி. மடத்துச் சாமி அதில் கண்டிப்பானவர்.

“நம்ம வம்சத்துல ஒரு சாமி. சமீன் அரமனையில இருந்தே ஆளு வர்றாக. மகளக் கம்பத்துல நல்ல எடத்துல குடுத்தாச்சு. உனக்குக் கஞ்சிக்கும் சீலைக்கும் நான் பொறுப்பு. வந்து அந்த வார்த்தையச் சொல்லிட்டு வெரசா வந்துரு, அம்புட்டுத்தான்.”

“வர்றேன்” என்றாள் வேலுத்தாய்.

வருகிறேன் என்றுதான் சொன்னாள். அவர்கள் அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டு போனார்கள்.

கன்னையனுக்குப் போடிமெட்டுக்கு அந்தப் பக்கம், திருவிதாங்கூர்ச் சீமைக்குள், குத்தகைக்கு எடுத்த ஏலத்தோட்டம் ஒன்று இருந்தது. ஆவணி பிறந்தால் காய் எடுக்கிற பெண்களைக் கூட்டிக்கொண்டு மலையேறுவான். தை கடைசியில் பொதிமாடுகளோடு இறங்கி கமருதீன் ராவுத்தர் கடையில் சரக்கைப் போடுவான். மதுரைக்குப் போவதென்றால் மாட்டுவண்டியில் அம்மையநாயக்கனூர் வரை போய் ரயில் பிடிக்க வேண்டிய காலம் அது. போடிக்காரர்களுக்கு மதுரையைவிட மலைதான் பக்கம். கன்னையன் முரடன், ஆனால் சூது தெரியாதவன். மகளைக் கட்டிக் கொடுத்த பிறகு அவனுக்கு வீட்டில் பிடிப்பு விட்டுப்போனது. கொட்டகுடி ஆற்றங்கரையில் இருந்த மடத்துக்குப் போக ஆரம்பித்தான். அங்கே இருந்த சாமி திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். மந்திரிப்பது, குறி சொல்வது எதுவும் கிடையாது. நான் நான் என்கிறாயே, அது எங்கிருந்து கிளம்புகிறது பார் என்று சொல்லி உட்காரவைப்பார், அவ்வளவுதான். கன்னையன் உட்கார்ந்தான். காட்டு மரத்தைச் சாய்க்கிற பிடிவாதத்தோடு மாதக்கணக்கில் உட்கார்ந்தான்.

பங்குனியில் ஒருநாள், பொழுது விடிந்து வெயில் ஏறிய பிறகு வீட்டுக்கு வந்தான். கண் சிவந்து வீங்கியிருந்தது. வேலுத்தாய் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தாள்.

“எப்படிச் சொல்றதுன்னு தெரியல” என்றான். “ஆறு ஓடுற சத்தம் கேட்டுச்சு. கேக்குறதுக்குத்தான் ஆளு இல்ல. எல்லாம் இருக்கு, நான் மட்டும் இல்ல. இல்லன்னா பயம் வரணும்ல? வரல. சிரிப்பு வந்துச்சு, வேலு. அடக்க முடியாத சிரிப்பு. ஆறு, கல்லு, கொக்கு, நானு… ரெண்டுங்கிறதே கெடையாது.”

அகப்பை அவள் கையில் பாதியில் நின்றது. அந்தச் சிரிப்பு அவளுக்குத் தெரியும். கேட்கிறவர் இல்லாமல் கேட்கிற சத்தமும் தெரியும். உலகத்தில் தன்னைத் தவிர இன்னொரு மனித உயிருக்கும் அது தெரிந்திருக்கிறது என்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது. அதுவும் தன் வீட்டு ஆளுக்கே. சொல்லிவிட வாயைத் திறந்தாள். அதற்குள் உச்சந்தலையில், முடியே முளைக்காத அந்த ஒரு ரூபாய் அகலத்து இடம் விண்ணென்று வலித்தது.

“கஞ்சி ஆறுது” என்று மட்டும் சொன்னாள்.

அவளுக்கு அது வந்தது மகள் மடியில் பால் குடித்துக்கொண்டிருந்த காலத்தில். மலையில் காய் எடுப்பு. ஏலச்செடி ஆளுயரத்துக்கு மேல் வளரும். ஆனால் காய் என்னவோ தூரில், மண்ணைத் தொட்டுக்கொண்டு ஓடுகிற சரங்களில்தான் கிடக்கும். குந்தி உட்கார்ந்து, தட்டைகளை விலக்கி, விரலால் தடவிப் பார்த்து முற்றினதை மட்டும் பறிக்க வேண்டும். வேலுத்தாய் சாக்கைக் கொங்காணியாக மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு குந்தியிருந்தாள். பள்ளத்திலிருந்து மேகம் ஏறி வந்து தோட்டத்துக்குள் புகுந்தது. பக்கத்துச் செடியில் அய்யம்மாள் இருமினாள். காலில் அட்டை ஏறுவது தெரிந்தது. கை ஒரு காயைத் தேடிப் போனது. போன கைக்குப் பின்னால் ஆள் இல்லை.

அவ்வளவுதான் நடந்தது. பறிப்பது நடந்தது, இருமல் நடந்தது, அட்டை ரத்தம் குடிப்பது நடந்தது. எல்லாம் ஒரே இடத்தில், யாருக்கும் சொந்தமில்லாமல் நடந்தது. வேலுத்தாய் என்கிறவள் இத்தனை நாளும் எங்கே குடியிருந்தாள் என்று பார்த்தால் காலி வீடு. அதைப் பார்த்ததும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

சாயங்காலம் மேலேயிருந்து “வேலுத்தாயீ” என்று கூப்பிட்டார்கள். அந்தப் பேர் மேகத்துக்குள் போய்க் கரைவதை அவளும் கேட்டுக்கொண்டிருந்தாள். அடுத்த நாட்களிலும் அப்படித்தான். வேலை செய்தாள், பிள்ளைக்குப் பால் கொடுத்தாள், சோறு பொங்கினாள். பேரைச் சொன்னால் மட்டும், யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று மற்றவர்களைப் போல அவளும் சுற்றிப் பார்த்தாள். சில நேரம் தனியாகச் சிரித்தாள். அது போதாதா? முந்தின வருஷம்தான் அய்யம்மாளின் மகள் பேச்சி, கல்யாணம் ஆகாத பெண், அந்தத் தோட்டத்து ஓடையில் வழுக்கி விழுந்து செத்திருந்தாள். பேச்சி பிடித்துக்கொண்டாள் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். வேலுத்தாயைக் கீழே கொண்டுவந்து பேயோட்டக் கோடாங்கியைக் கூப்பிட்டார்கள்.

ஊருக்கு வெளியே புளியமரத்தடி. உச்சி வெயில். உடுக்கையை அடித்து நிறுத்திவிட்டுக் கோடாங்கி கேட்டான்: “யாரு நீ?”

வேலுத்தாய்க்கு அந்தக் கேள்வி ரொம்பப் பிடித்தது. அப்படி ஒரு நல்ல கேள்வியை அதுவரை யாரும் அவளிடம் கேட்டதில்லை. நிஜமாகவே உள்ளே தேடிப் பார்த்துவிட்டு, “யாரும் இல்லண்ணே” என்றாள்.

வேப்பங்குச்சி முதுகில் விழுந்தது. திரும்பவும் அதே கேள்வி. திரும்பவும் அதே பதில். யாரும் இல்லை என்கிற பேயை அந்தக் கோடாங்கி அதுவரை பார்த்ததில்லை. அவனுக்கும் பயம் வந்திருக்க வேண்டும், அடி கனத்தது. அவள் முடியைக் கையில் சுற்றிப் பிடித்திருந்தவன் கன்னையன். கெட்ட எண்ணமில்லை. பெண்டாட்டியை எப்படியாவது மீட்டுவிட வேண்டும் என்ற பதைப்பில் பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கியிருந்தான். மரத்து நிழல் நகர்ந்து அடுத்த பக்கம் போய்விட்டது. “ஏதாச்சும் ஒரு பேரச் சொல்லித் தொலை ஆத்தா, விட்டுருவாக” என்று ஒருத்தி காதோடு வந்து அழுதாள். கடைசியில் வேலுத்தாய், “பேச்சி” என்றாள்.

எல்லோருக்கும் மூச்சு வந்தது. கோடாங்கி உச்சிமுடியைக் கொத்தாகப் பிடுங்கி மரத்தில் வைத்து ஆணி அறைந்தான். அய்யம்மாள் மட்டும் மரத்தைக் கட்டிக்கொண்டு, “எம் மகளே, இங்கியா கெடக்க” என்று கதறினாள்.

அதற்குப் பிறகு பேர் சொல்லிக் கூப்பிட்டால் சட்டென்று திரும்ப வேலுத்தாய் பழகிக்கொண்டாள். போய்விட்டது என்று ஊர் நினைத்தது போகவில்லை. மாவு அரைக்கும்போதும் தண்ணீர் இறைக்கும்போதும் அது அதுபாட்டுக்கு இருந்தது. அவளைக் கேட்டுக்கொண்டு வந்ததில்லை. அதனால் அவளைக் கேட்டுக்கொண்டு போகவும் இல்லை. பஞ்ச காலத்தில் தவசதானியத்தை ஒளித்து வைத்துச் சாப்பிடுகிறவளைப் போல யாருக்கும் தெரியாமல் அதோடு இருந்தாள்.

மறுநாள் மடத்தில் கூட்டம் ஆற்று மணல்வரை நின்றது. ஆண்கள் கொட்டகைக்குள்ளும் பெண்கள் வெளியே புங்கமரத்தடியிலுமாக இருந்தார்கள். குடையை ஊன்றிக்கொண்டு கமருதீன் ராவுத்தர்கூட ஓர் ஓரமாக நின்றார். இந்த வருஷம் காய் யார் கொண்டுவருவார் என்பது அவர் கவலை. கன்னையனைத் தலை மழித்து மணையில் உட்காரவைத்திருந்தார்கள். பக்கத்தில் தாம்பாளத்தில் காவித்துணி. அவன் முகத்தில் நல்ல தெளிவு இருந்தது. அதைப் பார்த்து வேலுத்தாய்க்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. மறுத்துப் பேச வேண்டும் என்று நினைத்துக்கொண்டு அவள் வரவில்லை. போகிறவர் போகட்டும், அது எங்கே இருந்தால் என்ன என்றுதான் வழியெல்லாம் தோன்றியது.

சபை கூடுவதற்கு முன்பே பெண்கள் வரிசையாக வந்து அவன் காலில் விழ ஆரம்பித்திருந்தார்கள். அய்யம்மாளும் விழுந்தாள். இப்போது அவளுக்குத் தலை முழுக்க வெளுத்திருந்தது. காய் எடுக்கிற பெண்களுக்கெல்லாம் அவள்தான் தலைமை. ஆறு ஆண்கள் சொன்னாலும் அசையாதவள், மண்ணில் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு அழுதாள்.

“சாமி, எம் பேச்சி இன்னும் அந்தப் புளியமரத்து ஆணியிலதான் கெடக்கா. வெள்ளிக்கெழம தவறாம சோறு வச்சுக்கிட்டு வர்றேன். நீங்கதான் அவள அவுத்து விடணும்.”

கன்னையன் வலது கையைத் தூக்கினான். “நல்ல கதி கெடைக்கும்” என்றான்.

பேச்சி அங்கே இல்லை. அந்தக் கை முடியை முறுக்கிப் பிடித்த வலியில் வேலுத்தாயின் வாயிலிருந்து விழுந்த பேர் அது. அந்தப் பொய்யை ஒரு தாய் இத்தனை வருஷமாகச் சோறு போட்டு வளர்த்திருக்கிறாள். இன்றைக்கு அதே கை அதற்கு நற்கதி கொடுக்கிறது. இனி இரண்டு பேருக்கும் வந்த அந்த ஒன்று மடத்தில், காவிக்குள், ஆண்களின் சொத்தாக இருக்கும். உரலடியில் அவளிடம் இருப்பது என்றைக்கும் பேயாகவே இருக்கும். ஒன்றே ஒன்றாக இருப்பதை இப்படி இரண்டாக அறுத்து, மேல் பாதிக்கு மாலையும் கீழ்ப் பாதிக்கு ஆணியுமா?

சாமி அவளை முன்னால் கூப்பிட்டார். கனிவான குரல்தான். “தாயே, உன் வீட்டுக்காரர் துறவு கேட்கிறார். உன் மனசு நோக இங்கே ஒண்ணும் நடக்காது. சம்மதந்தானா?”

“சாமி, ஒண்ணு கேக்கலாமா?”

“கேளும்மா.”

“இவுக எதைக் கண்டாகன்னு காவி குடுக்குறீக?”

கூட்டம் முணுமுணுத்தது. சாமி கையமர்த்தினார். “இந்த உடம்பும் இந்தப் பேரும் நான் இல்லைன்னு கண்டார். ரெண்டில்லைன்னு கண்டார்.”

“பேரும் இவுக இல்லியா?”

“இல்லை.”

“அப்ப அந்தப் பேர நான் சொன்னாக் குத்தமில்ல.” திரும்பி அவன் முகத்தை நேராகப் பார்த்தாள். “கன்னையா.”

“அடி ஆத்தி” என்று புங்கமரத்தடியில் ஒருத்தி வாயைப் பொத்தினாள். புருஷன் பேர் வந்துவிடக் கூடாது என்பதற்காகக் கன்றுக்குட்டியைக்கூடக் கன்னு என்று சொல்லாமல், பசுவுக்குப் பிறந்தது என்று சொல்லிவந்தவள் அவள்.

கன்னையன் முகம் ரத்தமாகச் சிவந்தது. மணையிலிருந்து பாதி எழுந்துவிட்டான். ஆசீர்வாதம் செய்த கை அடிக்க ஓங்கி நின்றது. “யாரப் பாத்துடி…”

ஓங்கிய கையை, அது யாருடையது என்பதுபோல அவனே பார்த்தான். ஆற்றுச் சத்தம் கேட்டது.

“பழைய பேயி திரும்பிருச்சு!” என்று வீரையா கத்தினார். “அதே பேச்சிதான். பிடிங்கடா அவள!”

“பேச்சி இல்ல” என்றாள் வேலுத்தாய். சத்தம் போடவில்லை, ஆனால் மணல்வரை கேட்டது. “அன்னைக்கும் பேச்சி வரல. அய்யம்மாக்கா, உம் மக எம்மேல வரவே இல்ல. அடி தாங்காம ஒரு பேரச் சொன்னேன். சாமி, இவுகளுக்கு ஆத்தங்கரையில வந்தது பொய்யில்ல. எனக்குத் தெரியும். அதேதான் எனக்கு மலையில, காய் எடுக்கையில வந்துச்சு. எனக்கு வேப்பங்குச்சி, இவுகளுக்குக் காவியா? ரெண்டில்லங்கிற எடத்துல இது மட்டும் எப்படி ரெண்டாச்சு? எனக்குச் சம்மதம் இல்ல.”

வீரையா அவள் தோளைப் பிடிக்க வந்தார். அவள் நகரவில்லை.

“சம்மதம் இல்ல” என்றாள். அவர் கை பாதி வழியில் நின்றது. “சம்மதம் இல்ல.”

சாமி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். “இதெல்லாம் உனக்கு யாரும்மா சொல்லிக்கொடுத்தது?”

“யாரும் சொல்லல. யாரு நீன்னு கோடாங்கி கேட்டான். பதில்தான் அவனுக்குப் பிடிக்கல.”

சாமி சிரித்தாரா என்பது தாடிக்குள் தெரியவில்லை. நல்ல மனுஷர்தான். அதற்காக அவளை உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொல்லவும் இல்லை. அந்த மடத்தில் பெண்களை உட்காரவைக்கிற வழக்கம் இல்லை. “சம்மதம் இல்லாம இங்கே காவி கிடையாது. தாம்பாளத்தை உள்ளே கொண்டுபோங்க. வந்தவங்களுக்கு இலையைப் போடுங்க” என்று சொல்லிவிட்டு எழுந்துகொண்டார். ராவுத்தர் குடையை விரித்தார்.

ஊர் அவளை ஒதுக்கியது. நெருப்பு வாங்கிக்கொண்டு போக யாரும் வரவில்லை. கிணற்றடியில் அவள் வாளியை இறக்கினால் மற்ற வாளிகள் மேலே ஏறிவிடும். சாமியாகப் போகிறவனை இழுத்துப் பிடித்துக்கொண்டவள், வெட்கங்கெட்டவள், பேய் பிடித்தவள் என்று ஏச்சு விதவிதமாக வந்தது. வீரையா கோடாங்கிக்கு ஆள் அனுப்பிவிட்டார். கன்னையன் வீட்டுக்குப் பின்னால் வைக்கோல் படப்பின் ஓரமாகவே கிடந்தான். வைத்ததைச் சாப்பிட்டான், பேசவில்லை. மழித்த தலையில் முடி முள்ளு முள்ளாக முளைத்தது. அவள் சமாதானம் சொல்லப் போகவில்லை. சொல்வதற்கு அவளிடம் சமாதானம் இல்லை.

ஒருநாள் விளக்கேற்றும் நேரத்தில் அவனாகவே வந்து அடுப்படி நிலையில் சாய்ந்து நின்றான்.

“அன்னைக்கு நெசமாவே பேச்சி வரலையா?”

“வரல.”

“அப்ப ஏன் அவ பேரச் சொன்ன?”

திரியைத் தூண்டிக்கொண்டே சொன்னாள்: “நீங்க முடியப் பிடிச்சிருந்தீக. வலிச்சுச்சு.”

அவன் அழுவான் என்று அவள் எதிர்பார்த்தாள். அவனுக்கு வந்தது கோபம்.

“அதெப்படி உனக்கு வரும்? நீ உக்காந்தியா? பட்டினி கெடந்தியா? நான் எம்புட்டுப் பாடுபட்டேன். நீ சும்மா காய் எடுத்துக்கிட்டு இருந்த.”

“ஆமா. சும்மாதான் இருந்தேன்.”

“நான் நம்பல.”

“நம்ப வேணாம். அன்னைக்கு ஆத்துல நீங்க கேட்ட சத்தத்த நான் நம்புனேன். அது எம் பாடு.”

அவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனான். ஆற்றுப் பக்கம் போனானா, மலைப் பக்கம் போனானா என்று அவள் எட்டிப் பார்க்கவில்லை.

ஆவணி பிறந்தது. காய் எடுக்கிற பெண்கள் கிளம்புகிற காலையில் வேலுத்தாயும் சாக்கையும் சட்டியையும் மூட்டை கட்டிக்கொண்டு தெருவில் இறங்கினாள். வீரையா குறுக்கே வந்து நின்றார்.

“எங்க போற? இன்னைக்குக் கோடாங்கி வர்றான். அடி வாங்குனாத்தான் உனக்கு அடங்கும்.”

“வரட்டும். நீங்க உக்காருங்க அவன் முன்னால. கேள்வி ஒண்ணுதான். யாரு வேணும்னாலும் பதில் சொல்லலாம்.”

“இந்தத் தெருவத் தாண்டுன, திரும்பி வர வீடு இருக்காது, பாத்துக்க.”

“வீடு காலியா இருக்குன்னு நான் அப்பவே பாத்துட்டேன், பெரிய மச்சான்” என்று சொல்லிவிட்டு அவரைச் சுற்றிக்கொண்டு போனாள். அவருக்கு அது விளங்கவில்லை. ஆனால் வழிமறித்த கைகளை எங்கே வைப்பது என்றும் தெரியவில்லை.

தெருமுனையில் பெண்கள் நின்றிருந்தார்கள். அவளைச் சேர்த்துக்கொண்டு போவதா வேண்டாமா என்று எல்லோரும் அய்யம்மாளைப் பார்த்தார்கள். மடத்தில் அன்று கேட்டதிலிருந்து அய்யம்மாள் யாரோடும் பேசியிருக்கவில்லை. வேலுத்தாயை ஏறிட்டுக்கூடப் பார்க்காமல் தன் மூட்டையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு நடந்தாள். மற்றவர்களும் நடந்தார்கள். வேலுத்தாய் கடைசியாக, பத்தடி இடைவெளி விட்டு, தன்பாட்டுக்கு ஏறினாள். பாதையில் எதிரே பொதிமாடுகள் இறங்கி வந்தன. ஒவ்வொரு திருப்பத்திலும் போடி கீழே கொஞ்சம் கொஞ்சமாகச் சின்னதாகிக்கொண்டே வந்து, மெட்டு ஏறி முடிந்ததும் மரங்களுக்குப் பின்னால் போய்விட்டது. மூச்சு வாங்கியது. மூட்டை கழுத்தை அழுத்தியது. உடம்பெல்லாம் ஒரு தினவு இருந்தது, வேலைக்குப் போகிற தினவு.

தோட்டத்துக்குப் போனால், காய் உலர்த்துகிற கொட்டகையில் புகை வந்துகொண்டிருந்தது. கன்னையன் முந்தியே வந்து கூரையைச் செப்பனிட்டு, விறகைப் பிளந்து அடுக்கி, நெருப்புப் போட்டிருந்தான். வெள்ளை வேட்டிதான் கட்டியிருந்தான். அவளுக்கும் அவனுக்கும் நடுவில் பேச்சு எதுவும் இல்லாமலே சில நாள் போயிற்று. சோறு வைத்தால் சாப்பிட்டான். வேலை இல்லாத நேரங்களில் கொட்டகை வாசலில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தான். ஒரு மத்தியானம், அவள் காய்க்கூடையை இறக்கும்போது, கண்ணைத் திறக்காமலே சொன்னான்:

“இருப்பேனா போவேனான்னு எனக்கே தெரியல.”

“இருக்கிறதும் போறதும் உங்க இஷ்டம். சம்மதம்தான் கெடையாது.”

அவன் உதட்டோரம் அசைந்தது. கோபமா, வேறெதுவுமா என்று அவள் நின்று பார்க்கவில்லை. செடிகளுக்குள் திரும்பிப் போனாள்.

அன்று சாயங்காலத்துக்குக் கொஞ்சம் முன்னால் மழை விட்டது. இலைகளிலிருந்து மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது. பள்ளத்திலிருந்து மேகம் கிளம்பி மேலே வந்தது. வேலுத்தாய் குந்தியிருந்த செடிக்குப் பின்னால் சேற்றில் காலடிச் சத்தம் கேட்டது. அய்யம்மாள்.

“அப்ப எம் மக மரத்துல இல்ல.”

“இல்லக்கா.”

“ஒம் மேலயும் வரல.”

“வரல. ஓடையில வழுக்கி விழுந்தா, செத்துப்போனா. அம்புட்டுத்தான்.”

“இத்தன வருசம் யாருக்குடி சோறு வச்சேன்?”

வேலுத்தாயின் முதுகில் ஒரு குத்து விழுந்தது. அய்யம்மாளின் கைமுட்டி. இன்னொன்று விழுந்தது. அவள் தடுக்கவும் இல்லை, குனியவும் இல்லை. மூன்றாவதற்குப் பலம் இல்லை. அந்தக் கை அவள் முதுகிலேயே தங்கிவிட்டது. அய்யம்மாள் சத்தமில்லாமல் குலுங்குவது அந்தக் கை வழியாகத் தெரிந்தது.

“அப்ப எங்கதான் இருக்கா?” என்று கேட்டாள் கிழவி.

எல்லாம் ஒன்றுதான் என்று சொல்லியிருக்கலாம். மடத்தில் இருப்பவர்கள் சொல்லியிருப்பார்கள். வேலுத்தாய், “தெரியலக்கா” என்றாள்.

அய்யம்மாள் சேலை நுனியால் மூக்கைத் துடைத்தாள். தன்னுடைய செடிக்குத் திரும்பிப் போகாமல், வேலுத்தாய் குந்தியிருந்த தூருக்கு எதிர்ப்பக்கமாகச் சுற்றி வந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குந்தினாள். தட்டைகளை அந்தப் பக்கத்திலிருந்து விலக்கினாள். கூடையை வேலுத்தாய் நடுவில் தள்ளி வைத்தாள். மேகம் இலைகளுக்குள் இறங்கி, முதலில் மரங்களை மூடியது, பிறகு கொட்டகைப் புகையை, பிறகு எதிரெதிரே இருந்த இரண்டு முகங்களையும் மூடியது. தூரில் மட்டும் கொஞ்சம் வெளிச்சம் மிச்சமிருந்தது. அதில் சேறு அப்பிய நாலு கைகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டும் விலகிக்கொண்டும் காயைத் தேடின. ஒன்று பிடித்துக் கொடுத்த சரத்தில் இன்னொன்று பறித்தது.